இனிக் கழுவ வேண்டாத கார்

இப்போதெல்லாம் யாருக்கும் குனியப் பிடிக்கவில்லை. குனியாமல் கூட்ட ஒரு மெஷின், குனியாமல் துடைக்க ஒரு மெஷின். காரைக் கழுவாமலே வைத்துக்கொள்ள ஏதோ பூச்சு வந்திருக்கிறதாம். என் மகன் அதைப் பூசிக்கொண்டு வந்து நிற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கம்போல வாசல் நிழலில் இரண்டு வாளி நிரப்பி வைத்திருந்தேன். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்று துணியை அலச. ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால், துணியில் ஏறிய மண்ணே பெயிண்டைக் கீறிவிடும். முப்பது வருஷம் கம்பெனி வண்டி ஓட்டியவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

"வாளிய எடுத்து வச்சிடுங்கப்பா. இனிமே தேவையில்ல," என்றான் மகன், இறங்கும்போதே.

"ஏன், வண்டிய வித்துட்டியா?"

மருமகள் சிரித்துவிட்டாள். "இல்ல மாமா, கோட்டிங் போட்டாச்சு. மூணு வருஷத்துக்கு அழுக்கு ஒட்டாது. அப்பப்ப பைப்புல தண்ணி அடிச்சா போதும்."

"எவனோ உங்க காதுல நல்லா பூ சுத்தியிருக்கான்."

ஒரு மக் தண்ணீரைப் பானெட்டில் ஊற்றினேன். மணிமாலை அறுந்த மாதிரி உருண்டு ஓடிக் கீழே கொட்டிவிட்டது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். தூசுகூட இல்லை. எரிச்சலாக வந்தது.

எனக்கும் அவனுக்கும் நேருக்கு நேர் பேச வராது. நடுவில் கார் நின்றால் வரும். நான் கூரையிலிருந்து துடைத்துக்கொண்டு வருவேன். அவன் அந்தப் பக்கம் சக்கரத்தோடு குந்தியிருப்பான். குரல் மட்டும் கேட்கும். வேலை போனதை அப்படித்தான் சொன்னான். மருமகளுக்குக் கரு கலைந்ததையும் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டேதான் சொன்னான். அந்தப் பக்கம் போய், அவன் தேய்த்து முடித்த சக்கரத்தையே நானும் ஒருமுறை தேய்த்தேன். அவன் அம்மா போன பிறகு எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான்.

கழுவ வேண்டாமென்றால் எதற்கு இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வருவான்?

உள்ளே போய் உட்கார்ந்தோம். மருமகள் டீ போடப் போனாள்.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?"

"இருக்கு."

"மாத்திரை?"

"போடுறேன்."

அதோடு சரக்கு தீர்ந்தது. அவன் போனைப் பார்த்தான், நான் ஃபேனைப் பார்த்தேன்.

"காக்கா எச்சம் போட்டா?" என்றேன்.

"ஈரத்துணிய கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டா வந்துடும்பா."

"தார் ஒட்டினா?"

"அதுக்கு ஒரு ஸ்ப்ரே இருக்கு."

எதைக் கேட்டாலும் வழி வைத்திருந்தான்.

டீ குடித்த கையோடு கிளம்பினார்கள். மருமகள் ஏறி உட்கார்ந்தாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த வாரம் வரேன்பா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா என்னப்பா? உங்கள பாக்கத்தான். கார் கழுவுறதுக்குத்தான் வரணுமா?"

என் முகத்தைப் பார்த்தே சொன்னான். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"பாப்போம், பாப்போம்," என்றேன்.

பூச்சு விற்கிறவன் மூன்று வருஷம் என்கிறான். இவன் அடுத்த வாரம் என்கிறான். சொல்வதற்கென்ன, வாய்தானே. வண்டி கிளம்பும் சத்தம் கேட்பதற்குள் திரும்பி வீட்டுக்குள் நடந்தேன்.