பாலில் கலந்தது

1

இந்தக் கதை மருந்து வாங்கும் வரிசையில் என் காதில் விழுந்தது. எனக்கு முன்னால் நின்றவள் கேட்டாள்: "இதப் பொடிச்சுப் பால்ல போட்டா கசக்குமா?" முகம் பார்க்கவில்லை. எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகத்தை நானே ஒட்டவைப்பேன்.

அவளை அக்கா ஆக்கினேன். மாத்திரை, வேண்டாமென்று துப்பும் தம்பிக்கு. மனச்சிதைவு. வயது நாற்பது, தையல் கடையில் சட்டைகளுக்குப் பட்டன் துளை, அதாவது காஜா எடுக்கிறான். காதில் கேட்கும் குரல்களோடு அவன்...

(இது வேண்டாம். குரல் கேட்பதைப் பற்றி, குரல் கேட்டே கதை எழுதும் நான் எழுதினால் கூட்டாளி சாட்சி சொல்வதுபோல் இருக்கும்.)

2

அவனுக்குத் தெரியாமல் அக்கா பாலில் கலந்து கொடுத்தபடியே இரண்டு வருஷம் போகிறது. ஒரு மதியம். வெயில் துணிகளின்மேல் படுத்திருக்கிறது. மெஷின் சத்தம் தூரத்து மழை. தம்பி பாதி உறக்கத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் காஜா எடுத்துவிடுகிறான். பட்டனுக்கு இடமே இல்லை.

கடைக்காரர் திட்டவில்லை. சட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தார்: ஒரு வாரமாகத் தம்பி உட்கார்ந்தபடியே தூங்குகிறார், என்னவென்று பாருங்கள்.

அவன் பையில் காலி மாத்திரை அட்டை இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்துக் கொடுத்தது. அவனே தினமும் போட்டுக்கொள்கிறான். ஒரு மாதம் கழித்துச் சொல்லி அக்காவை அசத்த நினைத்திருக்கிறான். அது தெரியாத அவளோ பாலில் கலப்பதை நிறுத்தவில்லை; தினமும் இரண்டு பங்கு மருந்து.

இனி கலக்காவிட்டால் சரியாயிற்று என்பீர்கள். நானும் அப்படித்தான் முடித்தேன். அக்கா விடவில்லை.

3

"ஆரம்பத்துலயே 'பால்ல என்னமோ கலக்குற'ன்னு அழுதான். 'உன் நோய் பேசுதுடா'ன்னேன். நம்பிட்டான். அன்னிலேருந்து தன் நாக்கையே நம்புறதில்ல. அத எப்படிம்மா நிறுத்துறது?"

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

4

முதல் முடிவு: சொல்கிறாள். அதன்பின் அவள் கையால் அவன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இரண்டாவது: சொல்லவில்லை. அவன் நன்றாக இருக்கிறான், தன் நாக்கை நம்பாமலே.

மூன்றாவது: "தெரியும்க்கா" என்று சிரிக்கிறான். (அடித்துவிட்டேன். அது நான் போட்ட சர்க்கரை.)

5

சாயங்காலம். அடுக்களை ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் மிதக்கிறது. அக்கா அவனுக்கு எதிரில் உட்காருகிறாள்.

"அன்னிக்கு நீ சொன்னது உண்மைடா. நான்தான் கலந்தேன்."

அவன் டம்ளரைக் கீழே வைக்கிறான்.

இத்தனை வருஷமாக அவனுக்காக எல்லோரும் பேசியாயிற்று. அவன் பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்களும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். வாயைத் திறக்கிறான், இருங்கள்.