கவர்னர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால்

ஐஸ் பாரை உடைத்துக்கொண்டிருந்தபோது, எண்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் இருந்த ஒரு கவர்னரை வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் மீன்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவாசை பயந்துபோய் சுற்றிலும் பார்த்தான்.

"எந்த கவர்னருடா?"

"நாப்பதாம் வருஷத்துல இருந்தவரு. பிரெஞ்சுக்காரரு."

"செத்தவர ஏன்டா காலங்காத்தால இழுக்கிற? இருக்கிறவங்கள திட்டவே நேரம் பத்தல."

நான் எழுத்துப் படித்தது நாற்பத்தொரு வயதில், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் சங்கக் கொட்டகையில். இன்றைக்கும் விரல் வைத்துத்தான் படிப்பேன். நூலகத்தில் எடுத்த ஊர் வரலாறு ஒன்றை இரண்டு மாதமாகப் படிக்கிறேன். அதில் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றுவிட்டது. அங்கே வந்த புது அரசு ஹிட்லருக்குப் பணிந்துவிட்டது. பணியாத தளபதி ஒருவர் லண்டனில் இருந்து ரேடியோவில் கூப்பிடுகிறார். நம்ம கவர்னர் யார் பக்கம் சேருவது என்று தயங்குகிறார். பிறகு இங்கிலீஷ்காரனோடு நின்று சண்டை போடுவது என்று முடிவெடுக்கிறார். புத்தகம் அடுத்த பாராவுக்குப் போய்விட்டது. நான் போகவில்லை.

அந்த முடிவால்தான் எங்கள் மில் தெருக் காசிலிங்கம் சிப்பாயாகக் கப்பல் ஏறினார். மெடலோடும் பென்ஷனோடும் திரும்பி வந்தார். அறுபத்திரண்டில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை முழுசாக ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். காசிலிங்கம் எழுதிக் கொடுத்தார். கையோடு என் அப்பா சாமிக்கண்ணுவையும் கூப்பிட்டார். அப்பா போகவில்லை. மில்லில் ஒரு தடவை என்ன காகிதம் என்று தெரியாமல் நாற்பது பேர் கைநாட்டு வைத்து, அதுவே அவர்கள் தாங்களாக வேலையை விட்டதாக ஆகிப்போனது. அதற்கப்புறம் அப்பா எந்தக் காகிதத்திலும் பெருவிரலை வைத்ததில்லை. காசிலிங்கம் வாசலில் நின்று பேசிய நேரம் முழுக்க அப்பா வலது கையை வேட்டி மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்தார் என்று அம்மா சொல்வாள்.

காசிலிங்கத்தின் பேரன் இளஞ்செழியன் பிரான்சில் லியோன் நகரத்தில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறான். போன வருஷம் லீவில் வந்தவன் உப்பளத்து மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கப் போனான். அங்கே பில் போடுவது என் மகள் ஹேமலதா. அவனுக்கு அந்த மாதம் முழுக்கத் தலைவலி.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேர் பெயரையும் பிரெஞ்சுத் தூதரகத்துப் பலகையில் பத்து நாள் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். இன்றைக்குப் பத்தாவது நாள். காலையில் அவள் கேட்டாள்.

"வேணாம்னா இப்பவே சொல்லிடுப்பா. அப்பால மூஞ்ச தூக்கி வெச்சிகினு நிக்காத."

"நான் எங்க தூக்கி வெச்சேன்?"

"கண்ணாடில போயி பாரு."

நான் போய்ப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் என் ஆட்சேபக் கடிதம் இருந்தது. நானே எழுதியது. பையன் நல்லவன், குறை ஒன்றும் இல்லை, அவள் அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது, எனக்கு இருப்பது அவள் ஒருத்தி, அவ்வளவு தூரம் வேண்டாம். இவ்வளவுதான். அப்பா சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று நம்பினேன்.

அம்மாவாசையிடம் கடிதத்தைச் சொல்லவில்லை. கவர்னரைச் சொன்னேன். "அவரு அந்த ஹிட்லர் பக்கம் சாஞ்சிருந்தா, இங்கிலீஷ்காரன் உள்ள பூந்து ஊர எடுத்துகினு இருப்பான். காசிலிங்கம் கப்பல் ஏறியிருக்க மாட்டாரு. நாமளும் கடலூர் ஜில்லாவோட சேந்திருப்போம். அவரு பேரன் இந்நேரம் எங்கூட ஐஸ் ஒடச்சிகினு இருப்பான்."

"அடேயப்பா! ஒரு பொண்ண ஊர்லயே வெச்சிக்க ஒரு ஒலக யுத்தத்தையே திருப்புறியேடா!" அவன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பெட்டி சரிந்தது. "கடலூர் ஜில்லான்னா பிராந்தி வெல ஏறிப்பூடும். அத யோசிச்சியா?" பிறகு பெட்டியை நிமிர்த்திக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்: "அவன் ஒடனே உள்ள பூர மாட்டான் வடிவேலு. மொதல்ல எல்லையில கோரிமேட்டு கேட்ட மூடுவான். சுத்தி அவன் ஊருதான. அரிசி எப்பிடி வரும்? பட்டினி போட்டே பணிய வெச்சிருப்பான்."

என் கை நின்றது.

அந்த வருஷம் என் அப்பாவுக்கு ஐந்து வயது. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் இல்லாமையில் போய்விட்டன. கேட் திறந்திருந்த காலத்திலேயே அந்த வீட்டில் ஒருவேளைக் கஞ்சி. அரிசி வண்டிகள் ஒரு மாதம் நின்றிருந்தால் போதும். சாமிக்கண்ணு என்ற பொடியன் செத்துப்போனதை எந்தப் புத்தகமும் எழுதியிருக்காது. நான் இல்லை. நான் இல்லையென்றால், வெள்ளிக்கிழமை மழையில் பிறந்து, முதல் மூச்சிலேயே தெருவே கேட்கிற மாதிரி கத்தின ஹேமலதா இல்லை. எந்த முடிவு அவளை என்னிடமிருந்து எடுத்துப் போகிறதோ, அதுதான் அவளை எனக்குக் கொடுத்தும் இருக்கிறது.

துறைமுகத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். ஏலம் கூவுகிறவர், சங்கரா மீனைப் புரட்டிப் பேரம் பேசும் அஞ்சம்மாள், வலை அள்ளுகிறவர்கள், பெட்டிமேல் உட்கார்ந்து பீடி பற்றவைக்கும் அம்மாவாசை. இவர்களில் எத்தனை பேர் அந்த அரிசி வண்டிகள் நிற்காததால் பிறந்தவர்கள்? உடம்பு சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. யாரோ ஒருவர், எங்கள் யார் முகமும் தெரியாதவர், ஒரு மேஜையில் உட்கார்ந்து தயங்கியிருக்கிறார். அந்தத் தயக்கத்துக்குள் நாங்கள் இத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

மாலை நாலரைக்குத் தூதரகத்துக்குப் போனேன். பலகை கண்ணாடிக்குள் இருந்தது. பஸ் போர்டும் படகுப் பேரும் பார்த்துப் பழகிய ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு தேடினேன். மூன்றாவது காகிதத்தில் அவள் பெயர். அதற்குப் பக்கத்தில், அவள் பெயரின் பாதியாக, என் பெயர்.

காவலாளி எட்டிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, எதுனா எழுதிக் குடுக்கணுமா? அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

கவரைத் தொட்டுப் பார்த்தேன்.

"இல்லீங்க. பாக்க வந்தேன்."

அப்போதுதான் பக்கத்தில் இன்னொருவர் நின்றிருப்பதைக் கவனித்தேன். காலில் சுண்ணாம்பு தெறித்த கறை. வேலையில் இருந்து நேராக வந்திருக்க வேண்டும். எம் பொண்ணு பேரு, தீபலட்சுமின்னு எங்கியாவது போட்டிருக்குதா, கொஞ்சம் பாத்துச் சொல்லுண்ணா என்றார். மேல் வரிசையில் இருந்தது. கண்ணாடிமேல் விரலை வைத்துக் காட்டினேன். அவரும் தன் விரலை என் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். முதல் எழுத்திலிருந்து இரண்டு விரல்களும் மெதுவாக, ஒன்றையொன்று இடிக்காமல், நகரத் தொடங்கின.