அண்டாவில் எழுந்தருளியவர்

எழுபத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில், தரமணி வயற்குட்டையிலிருந்து ஜலஜா அள்ளி வந்த முட்டைக் கொத்தில் தப்பிப் பிழைத்தது ஒரே ஒரு தலைப்பிரட்டை. அது கருத்திருந்ததால் தேரையின் குஞ்சுதான் என்று அறுதியிட்டார் விலங்கியல் விரிவுரையாளர் நல்லசிவம். தேரை சரம் சரமாக முட்டையிடும், இதுவோ கொத்தாகக் கிடந்தது, ஆகவே தவளை என்று செய்முறை ஏட்டில் எழுதியிருந்தாள் அவருடைய மாணவி ஜலஜா. வளர்ந்ததும் பார்ப்போம், தேரையானால் செய்முறைத் தேர்வில் பூஜ்யம் என்றார் அவர்.

மயிலாப்பூர் வீட்டில் அது நீந்திய பாட்டிலை அவள் பூஜையறை ஜன்னலில் வைத்ததுதான் வினையாயிற்று. பாராயணத்தினிடையே கண் திறந்த அப்பா சுப்பராமன், கார்முகில் வண்ணத்துச் சிறுமேனி ஒன்று நீருள் வாலசைத்துத் திரும்பக் கண்டார். ஜலஜா வருவதற்குள் அது பஞ்சபாத்திரத்துக்கு மாறியிருந்தது.

"அப்பா, அது என் பரீட்சை."

"மத்ஸ்யமூர்த்தி எழுந்தருளியிருக்கார். கைகால் அலம்பிண்டு வந்து பேசு."

மனுவின் கைந்நீரில் வந்த மீன் கலத்துக்குக் கலம் வளர்ந்ததல்லவா? இது வளருமுன்பே செம்புக்கும், செம்பிலிருந்து அண்டாவுக்கும் போயிற்று. நைவேத்தியம் கீரை மசியல். கால்கள் முளைத்தபோது கூர்மம் என்றார். வால் சுருங்குங்கால் அது உணவை மறுத்தது. ஏகாதசி என்று அவரும் பட்டினி கிடந்தார்.

"தை பொறக்கறதுக்குள்ளே அவதாரம் முடியுமான்னு கேளுங்கோ. பொங்கலுக்கு எனக்கு அண்டா வேணும்" என்றாள் அம்மா சூடாமணி.

வால் மறைந்து அது மணையில் ஏறிக் குந்திய அன்று, வாமனன் என்று கைகூப்பினார். அன்றுதான் நல்லசிவமும் சோதித்துப் பார்க்க வந்தார்.

"தொடப்படாது சார்" என்றார் சுப்பராமன்.

"தொட வேண்டாம் ஐயா. தேரைன்னா தத்தும், தவளைன்னா தாவும். பாத்துட்டுப் போயிருதேன்." சம்மணமிட்டு, வழுக்கைத் தலையைத் தாழ்த்திக் கூர்ந்து நோக்கினார் நல்லசிவம்.

அது தாவிற்று, குத்துவிளக்கின் அடிக்கு.

"ஒண்ணு" என்றார் சுப்பராமன்.

அங்கிருந்து கற்பூரத் தட்டுக்கு.

"ரெண்டு." கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது தாவலில் அது நல்லசிவத்தின் உச்சந்தலையில் குளிர்ச்சியாக அமர்ந்தது.

"தவளைதான்" என்றார் நல்லசிவம், தலை அசையாமல். ஜலஜாவுக்கு உயிர் வந்தது.

சுப்பராமன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தெழுந்தார். மூன்றாம் அடியைத் தலையில் தாங்கிய மாவலிக்கு அடுத்து என்ன நேர்ந்தது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

"பாதாளத்துக்கு எப்போ புறப்படறேள்?" என்று பரிவோடு கேட்டார்.

"மொதல்ல இவரை எறக்குங்க ஐயா. பிள்ளைக்கு மார்க்கைப் போட்டுட்டுப் பொறப்படுதேன்."

சூடாமணி அதற்குள் அண்டாவைக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கியிருந்தாள்.