தம்பிக்கு இன்னும் ஒரு வயது

பழைய போட்டோவை யாரும் தூக்கி வரக்கூடாது. காணாமல் போனவர்களின் வீட்டார் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒரே கட்டுப்பாடு அது. விசாரணைக்கு என்று கூட்டிப்போகப்பட்டவர்கள் திரும்பவில்லை. இறந்துவிட்டார்கள், சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது அலுவலகம். செத்தவனுக்குத்தான் வயது ஏறாது. அதனால் வருடா வருடம் ஒவ்வொருவரையும் ஒரு வயது கூட்டி வரைய வேண்டும். வரைந்த முகங்களோடு அலுவலக வாசலில் போய் நிற்க வேண்டும்.

வரைவது அவள். போட்டோ ஸ்டுடியோவில் அவளுக்கு முகச் சுருக்கங்களை அழிக்கிற வேலை. வீட்டில் போடுகிற வேலை.

அப்பாவையோ சித்தப்பாவையோ எதிரே உட்கார வைத்து, அந்தச் சாடையில் பிள்ளைக்கு வயதேற்றுவாள். தையல்காரர் போன வாரம் சண்டைக்கு வந்தார்.

"என் பையனுக்கு ஏம்மா வழுக்கை வச்சே?"

"உங்க தலையைப் பாத்துத்தான் மாமா வச்சேன்."

"அதுக்காக? அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைம்மா."

கொஞ்சம் முடி சேர்த்துக் கொடுத்தாள்.

காணாமல் போன அவளுடைய தம்பிக்கு அப்படி உட்கார ஆளில்லை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அவள் கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டாள். அக்கா தம்பிக்கு ஒரே சாடை என்று ஊரே சொல்லும். சாயங்காலங்களில் படத்தில் இருக்கிற அவனோடு பேசிக்கொண்டே வரைவாள். அந்த வீட்டில் அவள் அதிகம் பேசியது அப்போதுதான்.

வாசலில் நிற்க வேண்டிய நாள். காலையில் அம்மா படம் வரைந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது யாருடி?"

"தம்பிம்மா."

"நல்லாப் பாரு. மீசை வச்ச நீ."

அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து போன வருடங்களின் அட்டைகளை அம்மா இழுத்து வரிசையாக வைத்தாள். முதல் படத்தில் தம்பி இருந்தான். அடுத்ததில் கொஞ்சம் குறைந்திருந்தான். கடைசியில் அவள்தான் இருந்தாள்.

"இதை நான் தூக்க மாட்டேன்," என்றாள் அம்மா.

"மத்தியானம் போகணும். அவனோட பழைய போட்டோவையா எடுத்துட்டுப் போறது?"

"அதையும் தூக்க மாட்டேன்."

"அப்போ சொல்லு. மூக்கு எப்படி இருக்கும்?"

"மூக்கு மாதிரி இருக்கும்."

"அம்மா!"

"எனக்குச் சொல்லத் தெரியாதுடி. வந்து நின்னா தெரியும்."

அவள் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். வெள்ளைத் தாளை அட்டையில் பொருத்திக் கரிக்கட்டையை எடுத்தாள்.

தாடையைப் போட்டாள்.

"அது உன்னோடது."

துணியால் அழித்தாள். கண்ணைப் போட்டாள்.

"அவன் இவ்வளவு யோசிக்க மாட்டான்."

அழித்தாள். உதட்டை, நெற்றியை, காதை. அவளுக்கு நினைவிருந்த ஒவ்வொன்றையும் அம்மா இல்லை என்றாள். தாள் பஞ்சாகிக்கொண்டு வந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் நினைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கை மட்டும் போனது. கன்னம் கனத்தது. ஒரு புருவம் மேலே ஏறியது.

அம்மா இல்லை என்று சொல்லவில்லை. எழுந்து கிட்டே வந்தாள். படத்தின் மோவாய்க்குக் கீழே, படாமல், விரலை வைத்தாள்.

"குண்டாயிட்டான்."

"மாத்தவா?"

"வேணாம். எங்கயோ நல்லாச் சாப்பிடுறான்."

மத்தியான வெயிலில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"நம்ம தம்பியா இது? அடையாளமே தெரியலையே."

"ஏன், உங்க பையனுக்கு மட்டுந்தான் வயசாகணுமா?" என்றாள் அம்மா.

அவர் சிரித்துவிட்டுத் தன் அட்டையைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரியின் கார் உள்ளேயிருந்து வந்தது. முகங்கள் எல்லாம் உயர்ந்தன. அம்மா தலைக்கு மேலே தூக்கினாள். கண்ணாடி ஏற்றிய கார் நிற்காமல் போனது. யாரும் அட்டையை இறக்கவில்லை. மாலை வரை நிற்பதாகத்தான் பேச்சு.

அவள் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். தம்பியின் ஏதாவது ஒன்றைத் தேடினாள். எதுவும் கிடைக்கவில்லை. தெருவில் எதிரே வந்திருந்தால், யாரோ என்று ஒதுங்கி வழி விட்டிருப்பாள்.

அம்மா தூக்கியிருந்த அட்டை மெல்லச் சரிய ஆரம்பித்தது. அவள் அம்மாவின் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தாள்.