வாரிசு கேட்ட சோகன்

இஷிமினே வீட்டு மருமகள் ஹருயோவின் வயிற்றிலிருந்த பிள்ளை ஆறாம் மாதமே முறையாகக் குத்துவிடத் தொடங்கியது. எல்லாப் பிள்ளையும் உதைக்கும், இது வேறு. வலது முஷ்டி, இடது முஷ்டி, ஒரு திருப்பம், சற்று ஓய்வு, பிறகு முதலிலிருந்து. அவள் புருஷன் சோயேய் முற்றத்தில் மாணவர்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கும் அதே வரிசை. தீவின் பழைய ராஜநகரமான ஷுரியில் அந்த வருஷம் மழை குறைவு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு விளைச்சலும் சுமார்தான்.

உலகப் போரில் ஊரோடு சேர்ந்து குலங்களின் வம்சாவளி ஏடுகளும் எரிந்துபோயின. இஷிமினே குலத்து ஏடு மட்டும் கல்லறைக்குள் எலும்புச் சாடிகளுக்கு நடுவே இருந்ததால் தப்பியது. யார் யாருக்கு மகன், எந்த ராஜா காலத்தில் என்ன காவல் வேலை, சீனத்துக் கப்பலில் யார் போனார் என்பதெல்லாம் அதில் உண்டு. கராத்தேயின் சரித்திரம் எழுத வந்தவர்கள், ஏட்டில் பெயர் இருந்தால்தான் பரம்பரை என்றார்கள். சோயேயின் பள்ளிக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. "உங்க தாத்தா பன்னி வித்தவருதானே? குத்தையும் பன்னிகிட்டயா கத்துக்கிட்டாரு?" என்று எதிர்ப் பள்ளிக்காரன் கல்யாண வீட்டில் கேட்டுவிட்டான். சோயேயின் மைத்துனனும் சேர்ந்து சிரித்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது சோயேய்க்கு. குல ஏட்டில் கறையான் அரித்த பக்கத்தில் பழைய மையால் ஒரு மனிதனை உண்டாக்கினான். இரண்டாம் மகன் சோகன், அரண்மனைக் காவலன். சீனத்துக்குப் போய் முஷ்டி வித்தை கற்றான். வாரிசின்றி இறந்தான்.

வாரிசு இருந்தால் எவனாவது விசாரித்துக்கொண்டு போவான் என்பது அவன் கணக்கு. அங்கேதான் சறுக்கினான். அந்தத் தீவில் வாரிசில்லாமல் செத்தவரின் பெயர்ப்பலகை, வீட்டில் வைத்துக் கும்பிடும் பலகை, அநாதையாக நிற்காது. குலத்தில் பிறக்கும் இரண்டாம் மகனைத் தனக்கு வாரிசாகக் கேட்கும். ஹருயோவுக்கு மூத்தவன் ஏற்கெனவே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். குறி சொல்லும் கமடோ வந்து அரிசியைத் தூவிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வாசல்ல ஒருத்தரு நிக்கிறாரு. மூஞ்சி இன்னும் முடியல. வயித்துல இருக்கறது என்னோடதுங்கறாரு" என்றாள். இப்படிப் பிடிபட்ட பிள்ளை பெற்றவளை அடையாளம் காணாது என்பது ஊரறிந்த விஷயம். ஹருயோ ஏட்டைத் தூக்கிக்கொண்டு புருஷனிடம் ஓடினாள்.

"அழிச்சிடுங்க. உங்க கால்ல விழறேன், அந்தாள அழிச்சிடுங்க." சோயேய் கத்தியால் முதல் எழுத்தைச் சுரண்டினான். வயிற்றில் அசைவு நின்றது. உடனே மறுபடி எழுதியதும் குத்து விழுந்தது. பிறகு யாரும் ஏட்டைத் தொடவில்லை. சோகன் மாணவர்களின் கடைசி வரிசையில் நிற்க ஆரம்பித்தார். ஒரு வாரம் மூக்கு வந்தது, அடுத்த வாரம் புருவம். பையன்களில் நாலு பேர் பயந்து பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள். ஹருயோ அடுப்புத் தெய்வத்துக்கு உப்பும் ஊதுபத்தியும் வைத்துப் பெண்பிள்ளை கேட்டாள். பெண்பிள்ளை பலகையை ஏற்க முடியாது. குலச் சட்டம் அப்படி.

பெண்தான் பிறந்தது. ஹருயோ நிம்மதியில் வாய்விட்டு அழுதாள், குலத்துப் பெரியப்பாக்கள் அவமோரிச் சாராயத்தை ஊற்றிக்கொண்டார்கள். சோகன் உள்ளே வந்து, முழு முகத்தோடு, தொட்டிலுக்கு முன் மண்டியிட்டு வணங்கினார். கமடோ மறித்தாள். "ஐயா, இது பொட்டப்புள்ள. உமக்கு ஆகாது. குலத்துச் சட்டம்கூடத் தெரியாதா?"

அவருக்குத் தெரியவில்லை. அவரை எழுதியவன் காவல் வேலை கொடுத்தான், முஷ்டி கொடுத்தான், சாவும் கொடுத்தான். பெண் என்றால் ஆகாது என்று எங்கும் எழுதவில்லை. அடுத்து முன்னோருக்காக நடந்த கல்லறை விருந்தில் பன்றிக்கறிக்கும் சோற்றுக்கும் நடுவே, சோகனுக்கெனச் செய்த பலகையைக் குழந்தை மடியில் வைத்திருந்தது. பெரியப்பாக்கள் கறித் தட்டைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். சரித்திரக்காரர்கள் ஏட்டைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். பள்ளியில் இப்போது இடம் கிடைப்பதில்லை.

குழந்தைக்குப் பேச்சு சீக்கிரமே வந்தது. காலையில் எழுந்ததும் ஹருயோவை மரியாதையாகப் பார்த்து, "நீங்க எந்த வீட்டம்மா?" என்று கேட்கும்.

"உங்கம்மாடி, கண்ணு" என்பாள் அவள்.

"அப்படிங்களா" என்று தலை வணங்கிவிட்டு அது சாப்பிட உட்காரும். ஹருயோ கிழங்கை உரித்துத் தட்டில் வைப்பாள்.