சனி ஞாயிறு மகள்

மலை ஏறுவதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. ஏறினால் இறங்கத்தானே வேண்டும்? அதற்குப் பதில் கீழேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடக்கலாம். இதை வாலுவிடம் வாரம் தவறாமல் சொல்லியிருக்கிறேன். அவளும் வாரம் தவறாமல் ஷூ லேஸை இறுக்கிக்கொண்டே, "நீ படுத்துக்கோ தாயே, எனக்கும் சேர்த்துப் படுத்துக்கோ" என்பாள்.

வாலு என் அறைத்தோழி. வீட்டில் வைத்த பெயர் வேறு. ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராதவளுக்கு நான் வைத்தது இது. கடல் தாண்டிப் படிக்க வந்த இடத்தில் எங்கள் இருவருக்கும் ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், பாதி நேரம் வேலை செய்யும் ஒரு ஹீட்டர். திங்கள் முதல் வெள்ளி வரை அவளும் என்னைப் போல வகுப்பு, லேப், லைப்ரரி என்று கிடப்பாள். சனிக்கிழமை விடிந்துவிட்டால் பிடித்து வைக்க முடியாது. கல்லூரியில் நம் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் மலையேற்றக் குழு ஒன்று உண்டு. அவர்களோடு போய் எங்காவது கூடாரத்தில் படுத்துவிட்டு, ஞாயிறு மத்தியானம் சேறும் சிரிப்புமாகத் திரும்புவாள்.

இது அவள் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. அம்மா ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்பவர். அப்பா இல்லை. "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பாதே" என்று குதித்த தாய்மாமனை எதிர்த்து நின்று மகளை அனுப்பியவர். படிக்கப் போனவள் ஊர் சுற்றுகிறாள் என்று மாமா காதில் விழுந்தால் அடுத்த விமானத்திலேயே திரும்பி வரச் சொல்லிவிடுவார். மாப்பிள்ளையைக்கூடப் பார்த்து வைத்திருப்பதாகக் கேள்வி. அதனால் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மகளின் போன் எங்கே இருக்கிறது என்று எந்நேரமும் தன் போனில் தெரிய வேண்டும். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. கடையில் கூட்டம் குறையும்போதெல்லாம் அந்தப் புள்ளியை எடுத்துப் பார்த்துக்கொள்வாராம்.

வாலுவுக்கா வழி தெரியாது? போனை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். புள்ளி சமர்த்தாக அறையிலேயே உட்கார்ந்திருக்கும். அம்மா மெசேஜ் போட்டால் அவளாக நான் பதில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசிவிடுவார்கள். சனி ஞாயிறில் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது என்பதால் அம்மா கூப்பிடுவதில்லை, மெசேஜ் மட்டும்தான். "கேப்டன்கிட்ட ஒயர்லெஸ்ஸே இருக்கு, எனக்கு எதுக்குப் போன்?" என்பாள் வாலு. கேப்டன் என்பது மலையேற்றக் குழுவை நடத்தும் சீனியர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்த வேலைக்கு எனக்குக் கூலி, வாரம் முழுக்க என் பாத்திரங்களையும் அவளே கழுவுவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாண்டியும் அவள் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பஸ் தாமதமாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு, வரட்டும், அடுத்த வாரம் போனைத் தொடவே மாட்டேன் என்று கோபப்பட்டேன். கோபம் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? அது தீர்ந்ததும் பயம் வந்தது.

அவள் போன் அதிர்ந்தது. அம்மா.

"என்ன பண்றே?"

"படிக்கிறேன்மா. சாப்டியா?" என்று போட்டேன். விரலுக்கு அது பழகிவிட்டது. எங்கள் வீட்டில் போனை எடுத்தால் முதலில் கேட்பதே அதுதான்.

"ஆச்சு. நீ?"

"ஆச்சும்மா."

காலையில் குடித்த டீயோடுதான் இருந்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கேப்டனைக் கூப்பிட்டேன். கேப்டன் என்பது மலையேற்றக் குழுவை நடத்தும் சீனியர்.

"எங்க இருக்கீங்க எல்லாரும்? ஏன் இவ்வளவு லேட்டு?"

"ரூம்லதான் இருக்கேன். ட்ரிப்பத்தான் வெள்ளிக்கிழமையே கேன்சல் பண்ணியாச்சே. மலைமேல காத்து மோசமா இருக்கும்னு சொன்னாங்க. ஏன்?"

"அவ உங்ககூட வரலையா?"

"அங்கேயே இரு, வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். எந்த மலை? தெரியாது. எந்தப் பக்கமிருந்து ஏறினாள்? தெரியாது. எந்த பஸ்ஸில் போனாள்? தெரியாது. என்ன உடை? சிவப்பு மழைக்கோட்டு. அது ஒன்றுதான் தெரிந்தது. கவலைப்படாதீர்கள், அவளுடைய போன் நம்பரைச் சொல்லுங்கள், போன் எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே ஆள் அனுப்பிவிடுகிறோம் என்றாள்.

அந்தப் போன் என் இடது கையில் இருந்தது.

சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. இருட்டுவதற்குள் இடம் தெரிந்தால் கட்டாயம் ஆள் போகும், இடமே தெரியாமல் இந்தக் காற்றில் யாரையும் எங்கேயும் அனுப்ப முடியாது, எந்தத் துப்புக் கிடைத்தாலும் உடனே கூப்பிடுங்கள் என்றாள். வைத்த பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாய் பேய் என்று வாலுவை வாய்விட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே அவள் மெத்தையைப் புரட்டினேன்.

கேப்டன் நனைந்து போய் வந்தான். வந்ததும் சுவரைத்தான் பார்த்தான். வாலுவின் மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருந்த பெரிய வரைபடம் அங்கே இல்லை. நான்கு மூலையிலும் டேப் துண்டு மட்டும் தொங்கியது.

"தனியாப் போறதால வழி பாக்கப் பிச்சு எடுத்துட்டுப் போயிருக்கா. அதுல எதையாவது குறிச்சு வெச்சிருந்தாளா?"

"வாரா வாரம் போற எடத்துல பென்சில்ல வட்டம் போடுவா."

"இந்த வாரம் எங்க போட்டிருந்தா?"

எதிர்க் கட்டிலில் படுத்துக்கொண்டு மாதக்கணக்கில் என் கண் முன்னால் இருந்த படம். நான் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. மலைதானே, எவளுக்கு வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

பஸ் போகும் தூரத்தில் எட்டுப் பத்து மலை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் நாலைந்து பாதை இருக்கிறது என்றான் கேப்டன். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. "அவங்க அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லி? அவ ரூம்ல இருக்கான்னு நெனச்சிட்டு இருக்காங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? அழுவாங்க. மாமாவுக்குத் தெரியும். அப்புறம் அவ உயிரோட வந்தாலும் படிப்பு போச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். 'உயிரோட வந்தாலும்.' தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? வாலுவின் போனை எடுத்து அவள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் கடை இரைச்சல்.

"அம்மா, நான் உங்க பொண்ணு இல்லம்மா. அவ ரூம்ல இருக்கற பொண்ணு."

"தெரியும். சொல்லும்மா. அவளுக்கு என்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். போனை விட்டுவிட்டுப் போவது, நான் பதில் போடுவது, குழு போகாதது, தனியே போனது. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

"அவ எங்கேயோ போறான்னு எனக்குத் தெரியும்மா" என்றார். "எம்பொண்ணு ஒரு நாளும் என்னைச் சாப்டியான்னு கேட்டதில்ல. 'ம்'னு போடுவா, இல்லேன்னா அதுவும் போட மாட்டா. சனி ஞாயிறு மட்டும் ஒருத்தி கேக்கறா. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நின்னுடுவாளா? யாருக்கும் தெரியாம போவா. அதுக்கு இதுவே மேல்னு விட்டுட்டேன். அவ எங்க போறா, எப்ப வருவான்னு அந்த இன்னொருத்திக்குத் தெரியும்ல. உன்னை நம்பித்தானே நான் தூங்கினேன்."

"தெரியாதும்மா. நான் கேக்கவே இல்லம்மா" என்று அழுதுவிட்டேன்.

"அழாதே. அழுதா வேலையாகாது. அவங்களுக்கு என்ன தெரியணும்?"

"எந்த மலைன்னு தெரியணும். சுவத்துல மேப் ஒட்டி, அதுல வட்டம் போட்டு வெச்சிருந்தா. அதையும் எடுத்துட்டுப் போயிட்டா."

"மேப்னா? பேசும்போது அவ தலைக்குப் பின்னால பச்சையா தெரியுமே, அதுவா?"

"அதேதாம்மா."

"இரு. கேட்டா ஒரு போட்டோ அனுப்ப மாட்டா கழுதை. அதனால வெள்ளிக்கிழமை பேசும்போதெல்லாம் அவ மூஞ்சிய நானே போன்ல எடுத்து வெச்சுக்குவேன். முந்தாநாள் எடுத்தது மூணு இருக்கு, அனுப்பறேன்."

முதல் படம் வந்தது. வாலு வாயை இளித்துக்கொண்டிருந்தாள். அவள் மண்டை வரைபடத்தின் நடுவை அப்படியே மறைத்தது. இரண்டாவதில் பேனாவைக் கடித்தபடி இன்னும் கிட்டே வந்திருந்தாள், வரைபடம் தெரியவே இல்லை. கேப்டன் தலையில் கை வைத்தான். மூன்றாவதில் திரும்பி யாரையோ பார்த்துக் கத்துகிறாள். யாரை? என்னைத்தான். ஹீட்டரை அணைக்காதே என்று நான் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. படத்தின் மூலையில் போர்வைக்கு வெளியே என் கால் தெரிந்தது. அவள் காதுக்குப் பக்கத்தில் ஒரு நீள ஏரி, ஏரிக்கு மேலே பென்சில் வட்டம்.

கேப்டன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இது அணைக்கு மேல இருக்கற முகடு. நாங்க இதுக்குப் போனதே இல்ல. என்னைக் கேட்டிருந்தா இதைக் கடைசியிலதான் சொல்லியிருப்பேன்" என்றான். என் போனில் அவசர எண்ணைக் கூப்பிட்டு, அவனே இடத்தைச் சொன்னான். ஆள் கிளம்பிவிட்டது என்றார்கள்.

பிறகு காத்திருந்தோம். அம்மா இணைப்பைத் துண்டிக்கவில்லை. சார்ஜரில் போட்டு மேஜைமேல் வைத்த போனிலிருந்து கடை கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ மயில் கழுத்துக் கலரில் பார்டர் கேட்டார்கள். "அந்தக் கலர்ல வரலைம்மா, பச்சை பாக்கறீங்களா?" என்று அம்மா சொன்னார். அந்தக் குரலில் துளி மாற்றமில்லை. அதைக் கேட்டபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கியது. புடவைக் கட்டுகள் அடுக்கும் உள்ளறைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

"நான் குடுத்து விட்ட கம்பளி ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போனாளா?"

அது அவள் தலையணைக்குக் கீழே இருந்தது. நான்தான் மெத்தையைப் புரட்டியபோது பார்த்தேனே.

"எடுத்துட்டுப் போயிருக்காம்மா."

"பொய் சொல்லாதே. உனக்கு வராது."

ஜன்னல் இருண்டது. கேப்டன் கதவுக்கும் கட்டிலுக்கும் நடந்தான். உட்காரு என்று அவனிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். அவள் வந்துவிடட்டும், வாழ்நாள் முழுக்க பாத்திரம் நான் கழுவுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அந்தப் பக்கமிருந்து அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நடுவில் ஒரு முறை, "இருக்கியா?" என்றார். "இருக்கேம்மா" என்றேன்.

என் போன் அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது. கேப்டன் எடுத்தான். கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்படி உட்கார்ந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"கெடச்சுட்டா" என்றான். "உயிரோட இருக்கா."

முகட்டுக்குக் கீழே ஆடுகள் ஒதுங்கும் கல்சுவருக்குள் கிடந்தாளாம். கணுக்கால் முறிந்திருந்தது. குளிருக்கு வரைபடத்தை மடித்துக் கோட்டுக்குள் நெஞ்சோடு சுற்றிக்கொண்டிருந்தாளாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்ததை அவர்களே முடிக்கவில்லை.

"பேசறாளா?" என்றார் அம்மா.

"பேசறாம்மா."

அதுவரை அசையாமல் நின்றவர் அப்போதுதான் உடைந்தார். புடவைக் கட்டுகள் சரிகிற சத்தமும், அதற்கு நடுவே அவர் அழுகிற சத்தமும் கேட்டன. யாரோ ஓடி வந்து, "அக்கா, என்னக்கா ஆச்சு?" என்று கேட்டார்கள்.

மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க விட்டார்கள். மாவுக்கட்டுப் போட்ட கால், வெடித்த உதடு. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். செருப்பால் அடிப்பேன் என்று சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் போனை அவளிடமே கொடுத்தேன். வீடியோவில் அம்மா.

"அம்மா..." என்றாள் வாலு.

"அசையாதே" என்றார் அம்மா. ஒரு படம் எடுத்துக்கொண்டார். "உன்கிட்ட அப்புறம் பேசறேன். கால் சரியாகட்டும், உனக்கு இருக்கு. மாமாவை நான் பாத்துக்கறேன். இப்ப போனை அந்தப் பொண்ணுகிட்ட குடு."

"எந்தப் பொண்ணு?"

"என் சனி ஞாயிறு பொண்ணு."

வாலு என்னைப் பார்த்தாள். நான் போனை வாங்கினேன். இவ்வளவு நாளாகப் பேசியும் என் முகத்தை அம்மா அப்போதுதான் பார்க்கிறார். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் போர்வைக்கு வெளியே நீட்டிய என் கால்தான்.

"சாப்டியாடி?" என்றார்.

ஆச்சும்மா என்று பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்லம்மா" என்றேன்.

"போ, போய் மொதல்ல சாப்டுட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."