எக்ஸ்ரேக்காரம்மாவின் காற்று

மேற்குச் சரிவில் வீசிக்கொண்டிருந்த காற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எக்ஸ்ரேக்காரம்மாவின் பின்னாலேயே இறங்கி வந்து, அவர் குடியிருந்த வாடகை வீட்டில் தங்கிவிட்டது. அன்று சரிவில் கிளைடர் விட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் இது தெரியும். கிளைடர் என்றால் ஆள் ஏறிப் போவது அல்ல. ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு இறக்கை வைத்த, எஞ்சின் இல்லாத சின்ன விமானம். சரிவின் விளிம்பில் நின்று அதைக் காற்றுக்குள் எறிய வேண்டும். பள்ளத்திலிருந்து வரும் காற்று சரிவில் முட்டி மேலே எழும்போது அதுவும் சேர்ந்து எழும். அதற்குப் பிறகு கையிலிருக்கும் ரிமோட்டால் திருப்பலாம், தாழ்த்தலாம், காலடியில் கொண்டுவந்து இறக்கலாம். எக்ஸ்ரேக்காரம்மா வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் ஜன்னலே இல்லாத அறைக்குள், ஈயத்தகடு அடித்த கதவுக்குப் பின்னால், ஊரார் எலும்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஞாயிறு மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்கு பஸ் ஏறுவார். அந்த ஞாயிறு அவர் இறக்கையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்ததும், சரிவில் புல் ஆடாமல் நின்றது. திரும்பும் பஸ்ஸில் அவர் உட்கார்ந்த வரிசையில் மட்டும் எல்லார் தலையும் கலைந்தது. கண்டக்டர் டிக்கெட் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அவருடைய கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். முன்னறையில் மேஜை போட்டு, ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, எள்ளில் பாதி கூட இல்லாத ஸ்க்ரூக்களைச் சாமணத்தால் எடுத்துவைப்பது அவர் வேலை. தும்மல் வந்தால் எழுந்து பின்வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வருகிற மனிதர். அன்று மாலை கதவு திறந்ததும், மேஜையில் பிரித்து வைத்திருந்த ஒரு லேடீஸ் வாட்ச் அறை முழுக்கப் பரவிவிட்டது. அவர் தரையில் மண்டியிட்டுத் தேடினார். அவர்களோடு அந்த வீட்டில் இருந்தவர் கணவரின் அக்கா. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், வீட்டிலும் அதே வேலைதான். அவர் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, “ஏம்மா, அவனவன் பொண்டாட்டி வீட்டுக்குப் பூனை கொண்டாருவா, நாய் கொண்டாருவா. நீ இதையா கொண்டாந்தே?” என்றார்.

“நான் கூப்பிடல அண்ணி. அதுவா வந்துடுச்சு.”

கெட்ட காற்று என்று அதைச் சொல்ல முடியாது. எக்ஸ்ரேக்காரம்மா தூங்கினால் அதுவும் அலமாரிமேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஈயக்கதவைத் தாண்ட முடியாமல் வராந்தாவில் காத்திருக்கும். நோயாளிகளோடு நோயில்லாதவர்களும் அங்கே வந்து உட்காரத் தொடங்கினார்கள். உள்ளே அவர் யாரிடமாவது “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றால், வெளியே காற்றும் நிற்கும். “விடுங்க” என்றால் மறுபடி வீசும். இதைக் கவனித்துச் சொன்னவர் ஆஸ்பத்திரி ஆயா. அதன்பிறகு வீட்டில் கணவர் ஸ்க்ரூவைத் தூக்கும்போதெல்லாம் மனைவி அடுப்படியிலிருந்து “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று குரல் கொடுத்தார். ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு மூச்சு. அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடியது. பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் சொன்னதை வீட்டிலும் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருநாள் சொல்ல மறந்துபோனார். முடி போல மெல்லிய ஒரு ஹேர்ஸ்பிரிங் பறந்து போன இடம் தெரியவில்லை. மறுநாள் கணவர் கடைத்தெருவில், ஒரு மாடிப்படியின் அடியில் இருந்த பொந்தை வாடகைக்கு எடுத்தார். முதலில் மதியச் சாப்பாடு அங்கே போயிற்று, அப்புறம் ராத்திரிச் சாப்பாடும், கடைசியில் பாயும் தலையணையும். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் நடந்திருக்கும். அதுதான் நடக்கவில்லை.

சரிவிலோ, எறிந்த கிளைடர்கள் எல்லாம் கல்லைப் போல விழுந்துகொண்டிருந்தன. அங்கே பறக்கவிடுகிறவர்களில் மூத்தவரான பேக்கரிக்காரர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். “அக்கா, நீங்க வந்தாத்தான் உண்டு” என்றார். எக்ஸ்ரேக்காரம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஞாயிறுதோறும் அவர்களே காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் அவர் தன் கிளைடரைப் பார்த்தபடி இந்தப் பக்கம் ஓடினால் காற்றும் இந்தப் பக்கம் திரும்பியது, மற்றவர்களுடையது புதரில் போய்ச் செருகிக்கொண்டது. ஆகவே ஒரு நாற்காலியும் குடையும் வந்தன. “நீங்க ஏன்க்கா சிரமப்படணும்? சும்மா உக்காந்தாலே போதும்” என்று பேக்கரிக்காரர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். உட்கார்ந்தார். அடுத்த வாரமும் உட்கார்ந்தார். இரண்டு வருடம் அந்தப் பை பிரிக்கப்படாமல் முன்னறை ஆணியிலேயே தொங்கியது.

ஒருநாள் கணவரின் அக்கா அச்சகத்துக்குப் போகிற வழியில் மாடிப்படிப் பொந்துக்குள் தலையை நீட்டினார்.

“டேய், உனக்குக் காத்து ஆகலையா, அவ ஆகலையா?”

“காத்துதான் அக்கா.”

“அப்ப அவ என்ன பண்ணா? அவ போற இடத்துக்கெல்லாம் காத்தும் போகுது, அவ்வளவுதான். அங்க குடைக்குக் கீழ குத்துக்கல்லு மாதிரி உக்கார வச்சிருக்காங்களாம். நீ இங்க இருட்டுல உக்காந்திருக்க. ரெண்டு பேருக்கும் நல்லாப் பொருத்தம் பாத்திருக்காங்க.”

அந்த ஞாயிறு கடிகாரக்காரர் வீட்டுக்குப் போய் ஆணியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு முதன்முறையாக மலை ஏறினார். வழியில் நாலு இடத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். மேலே போனபோது ஆறேழு கிளைடர்கள் வெயிலில் வளைந்து வளைந்து பறந்துகொண்டிருந்தன. நடுவில் நாற்காலியில் அவர் மனைவி மடியில் கையைக் கோத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“நீ விடலையா?”

“நான் ஆடாம இருந்தாத்தான் இவங்களுக்குச் சரியா வருதுங்க.”

கடிகாரக்காரர் பையை அவர் மடியில் வைத்தார். மனைவி எழுந்ததும் நாற்காலியை மடக்கிப் பேக்கரிக்காரர் கையில் கொடுத்தார். “இது உங்களுது. கொஞ்ச நேரம் நீங்க உக்காருங்க” என்றார். யாரிடமும் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை என்பதால் பேக்கரிக்காரர் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கிளைடரை இறக்கினார்கள். எக்ஸ்ரேக்காரம்மா இறக்கையைப் பொருத்தி, புது பேட்டரி போட்டு, ரிமோட்டை எடுத்தார். எறிவதற்குக் கணவரே நின்றார். சாமணத்தைத் தவிர எதையும் பலமாகப் பிடித்தறியாத கை, முட்டையைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்திருந்தது.

“மூக்கைத் தூக்காதீங்க. நேரா காத்துக்குள்ள தள்ளுங்க.”

தள்ளினார். அது ஒரு முறை தாழ்ந்தது. பிறகு யாரோ உள்ளங்கையில் ஏந்திக்கொண்டதுபோல் எழுந்தது. எக்ஸ்ரேக்காரம்மா சரிவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார். காற்றும் கூடவே ஓடியது. கடிகாரக்காரரின் சட்டை முதுகுப்பக்கம் பானையாக உப்பியது. நான்கு சுவருக்குள் தன்னை அலைக்கழித்த காற்று இவ்வளவு பெரியது என்று அவர் அப்போதுதான் பார்த்தார். ஓடுகிற மனைவியையும் அப்போதுதான் பார்த்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவர் மறுபடி மூச்சு விட்டதாகப் பேக்கரிக்காரர் பின்னால் எல்லாரிடமும் சொன்னார்.

பஸ்ஸில், கலைந்த தலைகளுக்கு நடுவே, “இனிமே சுவர்க் கடிகாரமாப் பாத்து எடுத்துக்கலாம்னு இருக்கேன். அதுல ஸ்க்ரூ கனமா இருக்கும்” என்றார் கணவர். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் தூசி என்றார்.

பாயும் தலையணையும் வீட்டுக்குத் திரும்பின. சரிவில் ஞாயிற்றுக்கிழமைகளில் எக்ஸ்ரேக்காரம்மா முதலில் பறக்கவிடுவார். மற்றவர்கள் அவர் ஓடுகிற பக்கமே ஓடப் பழகிக்கொண்டார்கள், பேக்கரிக்காரருக்குத் தொந்தி குறைந்தது. எக்ஸ்ரேக்காரம்மா வராத வாரம் புல்லில் உட்கார்ந்து கிளைடரைத் துடைத்துவிட்டுப் போனார்கள். அக்கா பிழை திருத்தும் தாள்கள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் பழுதான பெண்டுலங்களை வைத்துக்கொண்டார். சில வருடம் கழித்து மாடி போர்ஷன் காலியானபோது, பார்க்க வந்தவரிடம் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். “தண்ணி காலையில வரும். குப்பை வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள். காத்து, கீழ்வீட்டம்மா டூட்டி முடிஞ்சு வந்ததும் வரும்.”

“மாடிக்கும் வருமா?”

“படிக்கட்டுக் கதவத் திறந்து வச்சா வரும்.”

வந்தவருக்கு அது வசதியாகப் பட்டது. அடுத்த வாரமே பால் காய்ச்சிக் குடிவந்தார்.